தூதரகத் திகதிக்கு 15,000 ரூபா கொடுத்த கதை

கொழும்பில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு புதுப்பிக்க அலையப் போகிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு இதில் ஐந்து மாதம் போனது, காசும் போனது.

அம்மா ஐரோப்பிய நாடொன்றில் பல வருடம் இருந்து அந்நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். அப்பா போன பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, வதிவிட விசாவில் இருக்கிறார். கடவுச்சீட்டு முடிய ஏழு மாதம் கிடக்கிறதே என்று ஆறுதலாக இருந்துவிட்டோம். முதல் பிழை அதுதான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இலங்கைக்குள் வருவதற்கு ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மிச்சம் இருக்க வேண்டும். பேரனின் கலியாணத்துக்குப் போய்த் திரும்ப நினைத்த அம்மாவுக்கு உண்மையில் கையில் இருந்தது ஒரு மாதம்.

தூதரகத்தின் இணையத்தளத்தில் திகதி பார்த்தால் ஒரு நாள்கூட இல்லை. இரவு பன்னிரண்டுக்குப் பார், விடியப் பார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், பார்த்தோம். தொலைபேசி எடுத்தால் பதிவுசெய்த குரல், மின்னஞ்சல் போட்டால் 'கிடைத்தது' என்று தானாக வரும் ஒரு வரி.

அப்போதுதான் வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்கப் போன இடத்தில் ஒருவர் கதை கொடுத்தார். "அக்கா, உள்ளுக்கு எங்களுக்கு ஆள் இருக்கு. ரெண்டு நாளில திகதி எடுத்துத் தாறன்." 15,000 ரூபா. பற்றுச்சீட்டு கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. சொன்னபடி இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. அம்மாவின் பெயர், இலக்கம், திகதி, காலை 9.15. எல்லாம் சரி.

இரவு பஸ்ஸில் வந்து விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கினோம். வாசலில் செக்கியூரிட்டியிடம் இருந்த பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தபோது எனக்கு அந்தத் தரகர் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் இருத்தி வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை சொன்னாள்: இது விசாப் பகுதிக்கு எடுத்த நேரம், கடவுச்சீட்டுக்கு வேறு திகதி எடுக்க வேண்டும். அம்மா தன் சொந்த நாட்டுக்கே விசா கேட்டு வந்தவர் ஆகிவிட்டார்! அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் மண்டபத்தில் எங்களோடு மூன்று பேர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வயதுபோன மனுசியை அன்றைக்கே பார்த்து அனுப்பியிருக்கலாம். கேட்டதற்கு 'முறை இல்லை' என்றார்கள்.

தரகருக்கு எடுத்தால், "திகதி எடுத்துத் தந்தனான்தானே அக்கா" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. கடைக்காரர், அவர் சும்மா வந்து நிற்கிற ஆள் என்று கையை விரித்தார். பிறகு தம்பியின் மகள் ஒன்பது நாள் விடாமல் தளத்தைத் திறந்து பார்த்து, யாரோ ரத்துச் செய்த ஒரு காலை நேரத்தைப் பிடித்துத் தந்தாள். ஒரு சதம் செலவில்லை.

இரண்டாவது பயணத்தில் போட்டோ திரும்பியது. அளவு 35க்கு 45 மில்லிமீற்றர், அது சரி. ஸ்டூடியோக்காரர்தான் அம்மாவை வெள்ளையாக்கி, சுருக்கம் நீக்கி, கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டார். எடுக்கும்போதே 'ஒன்றும் திருத்த வேண்டாம்' என்று சொல்லி நில்லுங்கள். போட்டோவோடு முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், கடவுச்சீட்டில் கணவர் பெயர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி வரச் சொன்னார்கள். அதற்காக, அந்தப் பிரிவு இருக்கிற பத்தரமுல்லை சுகுறுபாயக் கட்டடத்துக்கு ஒரு நாள். யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே, அதுதான் மாவட்டச் செயலகத்திலேயே, அதற்கு ஒரு பிராந்திய அலுவலகம் இருப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம்!

ஆறு கிழமையில் வரும் என்றார்கள். புத்தகம் அந்த நாட்டில் அச்சாகித்தான் வர வேண்டுமாம். பதினைந்தாம் கிழமை வந்தது. அதற்கிடையில் கலியாணம் முடிந்துவிட்டது. அம்மா சீலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, போனுக்கு முன்னால் இருந்து பார்த்தார்.

எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய கடவுச்சீட்டை, இனிச் செல்லாது என்று மூலை வெட்டியாவது, கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். வதிவிட விசா அதில்தான் கிடக்கிறது. குடிவரவுத் திணைக்களத்தில் அதைப் புதியதுக்கு மாற்ற வேண்டும், அதுவும் அதே சுகுறுபாயவில்தான். வருகிற செவ்வாய்க்கிழமை இரவு பஸ்ஸுக்கு இரண்டு சீட் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.