லடாக்கில் தண்ணீரைப் பனியாகச் சேமிக்கும் இரு வழிகள்

ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையும் பனியும் மட்டுமே பெறும் லே வட்டாரத்தில், பார்லி விதைக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கின்றன. மலையுச்சிப் பனியாறுகள் உருகி நீர் வருவதோ ஜூனில். இந்த இடைவெளியை நிரப்ப, குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை உறையவைக்கும் இரண்டு முறைகள் அங்கேயே உருவாயின.

பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களில் தொடங்கிய செயற்கைப் பனியாறு, ஓடை நீரை நிழற்சரிவுக்குத் திருப்பி, கல் தடுப்புகளுக்குப் பின்னே அடுக்கடுக்காக உறையவைக்கிறது. கல்லும் ஊரார் உழைப்பும் இருந்தால் போதும். ஆனால் உயரமான, வெயில் படாத இடம் கட்டாயம் வேண்டும்.

லடாக்கின் இன்னொரு பொறியாளரான சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் செய்துகாட்டிய பனி ஸ்தூபியில், மேட்டிலிருந்து புதைகுழாய் வழியே இறங்கும் நீர், மின்சாரமோ பம்போ இன்றித் தன் அழுத்தத்தாலேயே மேலே பீய்ச்சியடிக்கிறது. உறைகாற்றில் சிதறும் துளிகள், குழாயைச் சுற்றி வைத்த மரக்கிளைகள்மீது படிந்து கூம்பாக வளர்கின்றன. கொள்ளளவோடு ஒப்பிட்டால் கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால், ஊருக்கு அருகே திறந்தவெளியிலும் அது மெதுவாகவே உருகுகிறது. குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் பெருந்தொல்லை. நடுங்கும் குளிரில் யாராவது காவல் இருந்தாக வேண்டும்.

நிழலான பள்ளத்தாக்கு வாய்த்த ஊருக்கு நோர்பெலின் முறையையே நான் பரிந்துரைப்பேன். சரிந்த தடுப்பை ஊராரே மீண்டும் அடுக்கிவிடலாம். அந்த வாய்ப்பில்லாத, தாழ்ந்த ஊர்களுக்கு ஸ்தூபியே பொருந்தும்.