கஸ்டம் ரோமுடன் சில ஆண்டுகள்: பூட்டும் சாவியும் யாரிடம்?

என் பழைய போனுக்கு அப்டேட் நின்றுபோனபோது வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. மென்பொருளுக்கு மட்டும்தான் வயதாகியிருந்தது. அதனால் பூட்லோடரை (போன் ஆன் ஆனதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) அன்லாக் செய்து, லீனியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமை, அதாவது தயாரிப்பாளர் தராத மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைப் போட்டு, சில ஆண்டுகள் அதையே தினமும் பயன்படுத்தினேன். இப்போது கூகுளின் பிக்சல் போனில், பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட இன்னொரு மாற்று இயங்குதளமான கிராஃபீன் ஓஎஸ். இரண்டையும் அனுபவித்த பிறகு, சுதந்திரம் வேண்டுமென்றால் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

லீனியேஜ் தந்தது நிறைய. நீக்கவே முடியாமல் இருந்த செயலிகள் ஒழிந்தன, புதிய ஆண்ட்ராய்டு வந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைத்தன. 2016 இறுதியில் சயனோஜென்மாட் என்ற முந்தைய கஸ்டம் ரோம் மூடப்பட்டபோது அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்தவர்கள் லீனியேஜ் குழுவினர், பெரும்பாலும் தன்னார்வலர்கள். தயாரித்த நிறுவனமே கைவிட்ட போனை இவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது சாதாரண உழைப்பு அல்ல.

ஆனால் செட்டிங்ஸில் இரண்டு தேதிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி, மற்றது வெண்டர் திருத்தத்தின் (வன்பொருளை இயக்க, போன் மற்றும் சிப் நிறுவனங்கள் தரும் மென்பொருளுக்கான திருத்தம்) தேதி. என் போனில் முதலாவது நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாவது, நிறுவனம் கைவிட்ட மாதத்திலேயே நின்றுவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரல், ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின்கீழ் வருவதால் அதை மற்றவர்களும் ஓரளவு திருத்தலாம். மோடம் ஃபர்ம்வேர் (நெட்வொர்க் சிப்புக்குள் ஓடும் மென்பொருள்), மூலநிரல் வெளியிடப்படாத டிரைவர்கள் போன்றவற்றில் அது முடியாது. ஃபர்ம்வேரைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாததைச் சிப்பே ஏற்காது. ஆக, கஸ்டம் ரோம் போட்டால் போன் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கைவிடப்பட்ட மென்பொருளோடு அப்படியே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

அப்புறம் பூட்லோடர். போன் இயங்கத் தொடங்கும்போதே மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதுதான் வெரிஃபைடு பூட். அன்லாக் செய்ததும் அந்தக் காவல் போய்விடும். போன் கொஞ்ச நேரம் வேறொருவர் கையில் சிக்கினால், சிஸ்டத்தை மாற்றியெழுதி வைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வரும் எச்சரிக்கைத் திரை வெறும் மிரட்டல் அல்ல. பெரும்பாலான போன்களில் வேறு ரோம் போட்ட பிறகு மீண்டும் பூட்டவும் வழியில்லை. பூட்ட முயன்றால் போன் கிளம்பாமலே போகக்கூடும்.

பிக்சல் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அன்லாக் செய்து, நாம் தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதித்து, மறுபடி பூட்டிவிடலாம். வெரிஃபைடு பூட் அந்தச் சாவியை வைத்து வழக்கம்போல் வேலை செய்கிறது. கூகுள் ஆதரவு தரும் காலம்வரை ஃபர்ம்வேர் திருத்தங்களும் கிராஃபீன் அப்டேட்டோடு சேர்ந்தே வருகின்றன. பாதுகாப்புக்குப் பூட்டு வேண்டும், சரி. சாவி தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

இவ்வளவு செய்தும் என் வங்கிச் செயலி ஒன்று திறக்க மறுக்கிறது. இத்தகைய செயலிகள் பல நம்பியிருப்பது, போன் நம்பகமானதா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுளின் சோதனையான பிளே இன்டெக்ரிட்டியை. அதன் 'டிவைஸ்' நிலை, கூகுள் சான்றளித்த மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் திருத்தமே காணாத போன் அதில் தேறிவிடும். இந்த மாதத் திருத்தத்தோடு முறையாகப் பூட்டிய கிராஃபீன் போன் தேறாது. ஆண்ட்ராய்டு 13 முதல் 'ஸ்ட்ராங்' நிலைக்கு ஓராண்டுக்குள் வந்த திருத்தம் வேண்டும் என்று ஆக்கியது நல்ல மாற்றம், ஆனால் எல்லாச் செயலிகளும் அந்த நிலையைக் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்று (எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று போனின் வன்பொருளே உறுதிசொல்வது) வழியாக மாற்று இயங்குதளத்தின் சாவியை அங்கீகரிக்கச் செயலிகளால் முடியும். செய்பவர்கள் குறைவு என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

ஆதரவுக் காலம் நீண்டிருப்பது உண்மை. பிக்சல் 8க்கும் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும் என்பது விதி. காலம் முடிந்ததும் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

புதிதாக இறங்குபவர்கள் முதலில், உங்களுக்குத் தவிர்க்க முடியாத செயலிகள் அந்த ரோமில் ஓடுகின்றனவா என்று விசாரியுங்கள். அன்லாக் செய்தால் போனில் உள்ள எல்லாம் அழியும், பேக்கப் எடுத்துவிடுங்கள். ரூட் செய்யாமலே, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறக்காமலே, ரோம் பயன்படுத்தலாம். வாங்கப்போவது புதுப் போன் என்றால், மறுபடி பூட்ட முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.