ஆறா, பதினைந்தா? சித்தப்பாவின் நியூட்ரான் கணக்கு

அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் சித்தப்பா மூன்று முறை கேட்டுவிட்டார்: "தம்பி, ஆறு நல்லதா, பதினைந்து நல்லதா?" புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே உள்ள லினாக் என்னும் கதிர் சிகிச்சை இயந்திரம் 6 எம்.வி. (மெகாவோல்ட்), 15 எம்.வி. என இரண்டு வலுவில் எக்ஸ் கதிர் தரும். "பதினைந்தில் நியூட்ரான் வரும், அது இன்னொரு புற்றுநோயை இழுத்து வரும்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை, பாதிதான்.

எக்ஸ் கதிரின் வலு 8 அல்லது 10 எம்.வி.யைத் தாண்டினால், இயந்திரத் தலையிலுள்ள டங்ஸ்டன், ஈயம் ஆகியவற்றின் அணுக்கருவிலிருந்து நியூட்ரான்கள் தெறித்து வெளியேறும். ஆறில் அந்தத் தொல்லை இல்லை என்றே சொல்லலாம். பழைய கோபால்ட் இயந்திரத்தில் அறவே இல்லை.

அப்படி என்ன பயங்கரம் இந்த நியூட்ரானில்? கேரம் ஆடியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். காய் சட்டத்தில் மோதினால் ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பும். இன்னொரு காயில் நேராக மோதினால் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். நியூட்ரானுக்கு ஈயம் சட்டம், ஹைட்ரஜன் சம எடையுள்ள காய். (அதனால்தான் 15 எம்.வி. அறைக் கதவில் ஈயம் மட்டும் போதாது. ஹைட்ரஜன் நிறைந்த பாலிதீனில் போரான் கலந்து ஓர் அடுக்கு வைக்கிறார்கள். அந்தக் கதவு நகரும் வேகத்தைப் பார்த்தால் திருவாரூர்த் தேர் தோற்றது.) நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர், ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. அடிபட்டுக் கிளம்பும் புரோட்டான், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அருகருகே அறுத்துவிடும். செல்லால் அதை ஒழுங்காக ஒட்டுப்போட முடிவதில்லை. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் தந்த கணக்கில், உடம்புக்கு விளைக்கும் கேட்டுக்கான மதிப்பெண் எக்ஸ் கதிருக்கு 1; 1 எம்.இ.வி. (மெகா எலெக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுக்கு அருகிலுள்ள நியூட்ரானுக்கு சுமார் 20.

இவ்வளவு கேட்டதும் ஆறுக்கே கை தூக்கத் தோன்றும். பொறுங்கள். உடம்புக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில், உச்ச அளவில் கோபால்ட் கதிர் ஏறத்தாழ 56 சதவீதமும், 6 எம்.வி. 67 சதவீதமும், 15 எம்.வி. 77 சதவீதமும் மிஞ்சும். சித்தப்பாவின் இடுப்புச் சுற்றளவுக்கு இந்தப் பத்துச் சதவீதம் சின்ன விஷயமில்லை. கோபால்ட்டை இந்த இடத்திலேயே ஆட்டத்திலிருந்து விலக்கிவிடலாம்.

உண்மையில் பார்க்கவேண்டியது, எத்தனை நேரம் கதிர் ஓடுகிறது என்பதை. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைச் செதுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் இயந்திரம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் ஓட வேண்டியிருக்கும். ஆறில் அது கூடுதல் எக்ஸ் கதிர்க் கசிவு மட்டுமே. பதினைந்திலோ பதினெட்டிலோ என்றால் நியூட்ரானும் அதே கணக்கில் பெருகும். அமெரிக்காவில் 2005-இல் புரோஸ்டேட் சிகிச்சையை வைத்துப் போட்ட ஒரு கணிப்பு, இரண்டாவது புற்றுநோயால் இறக்கும் ஆபத்து வழக்கமான முறையில் அதிகபட்சம் 1.7 சதவீதம் என்றது, 18 எம்.வி. ஐ.எம்.ஆர்.டி.யில் 5.1. ஆக, என் கட்சி இது: ஐ.எம்.ஆர்.டி. என்றால் ஆறு, நாலைந்து திசையிலிருந்து நேராகப் பாய்ச்சும் எளிய முறை என்றால், பருத்த உடம்புக்குப் பதினைந்தும் தவறில்லை. குழந்தை என்றால் பதினைந்தைப் பற்றிப் பேசவே கூடாது. இந்த இரண்டாவது புற்றுநோய் பெரும்பாலும் பத்தாண்டுக்குப் பிறகுதான் தலைகாட்டும், அவர்களுக்கு முன்னால் ஆண்டுகள் நிறைய இருக்கின்றன.

"எனக்கு எழுபத்தொன்று. பத்தாண்டு கிடைத்தால் லாபம்தான், பதினைந்தே வைக்கச் சொல்" என்றார் சித்தப்பா.

மருத்துவர் அதற்கெல்லாம் போகவில்லை. மார்பில் ஏதாவது கருவி வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் மின்னணுச் சில்லை நியூட்ரான் குழப்பிவிடும். அது உள்ளவர்களுக்கு 10 எம்.வி.க்கு மேல் தவிர்ப்பதுதான் வழக்கம். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து, ஓரம் மடங்கிய பேஸ்மேக்கர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.