ஐந்து நிமிடத்துக்கும் அரை நாளுக்கும் ஒரே சீட்டு

திருகோணமலை மத்திய வீதியை ஒட்டிய கடைத்தெருவொன்றில் நடக்கும் கட்டணத் தரிப்பிடச் சேவையைப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டணம் அறவிடுவதே தவறு என்பது என் வாதமன்று. முன்பு அத்தெருவில் காலை எட்டரைக்கெல்லாம் இடம் நிறைந்துவிடும். நிற்பவற்றில் பெரும்பாலானவை கடைக்காரர்களின் வாகனங்களாகவே இருக்கும். சாமான் வாங்க வந்தவர்களோ இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இப்போது பத்து மணிக்குச் சென்றாலும் இடம் கிடைக்கிறது. 1935 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் உலகின் முதலாவது தரிப்பிட மீற்றரை நாட்டியதும், நாள் முழுவதும் நிற்கும் வாகனங்களை அகற்றி வாடிக்கையாளருக்கு இடம்விடுவதற்காகத்தான். அங்கே மணித்தியாலத்துக்கு 5 சதம் என்று, நின்ற நேரத்துக்கே காசு வாங்கினார்கள்.

இங்கு விடுபட்டிருப்பது அந்த நேரக்கணக்கு. வாகனத்தை நிறுத்தியதும், தோளில் பை தொங்க ஓர் இளைஞர் வந்து கண்ணாடித் துடைப்பானின் கீழ்ச் சீட்டைச் செருகுகிறார். அதில் வாகன இலக்கமும் திகதியும் இருக்கும். வந்த நேரத்துக்குரிய கட்டம் மட்டும் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். ஆகவே ஐந்து நிமிடம் நின்றவரும் மதியம்வரை நின்றவரும் ஒரே தொகையைச் செலுத்துகிறார்கள். சென்ற வாரம் அம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க இறங்கினேன். குளிசையைவிடச் சீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். கடைக்கார ஐயா சிரித்துக்கொண்டே, "தம்பி, அடுத்தமுறை கோல் எடுங்கோ, பெடியனை ரோட்டுக்கு அனுப்பிவிடுறன்" என்றார்.

அப்படி அனுப்புபவர் அவர் மட்டுமல்லர். அதனால் சமிக்ஞை விளக்கை எரியவிட்டபடி நடுவீதியில் காத்து நிற்கும் வாகனங்கள் பெருகி, தரிப்பிடத்தில் குறைந்த நெரிசல் வீதிக்கு வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் இருந்து சேலை தெரிவு செய்பவருக்கு இக்கட்டணம் ஒரு பொருட்டன்று என்பதால் புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இழப்பில்லை. அடிபடுவது பூக்கடை, மருந்துக்கடை, பாண் விற்கும் கடை ஆகியவையே.

கோணேசர் கோவிலுக்கும், மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக் கடற்கரைக்கும் வரும் வெளியூர்க் குடும்பங்களின் குறை வேறு. கட்டணப் பலகை எந்த மொழியிலும் இல்லாததால், கேட்கும் தொகை சரியானதுதானா என்ற ஐயம் அவர்களுக்கு எழுகிறது. அதற்கான ஏச்சை, வெயிலில் நிற்கும் அந்த இளைஞரே வாங்கிக் கட்டிக்கொள்கிறார். (நகருக்குள் திரிந்து, வெற்றிடம் பார்த்துப் படுத்திருக்கும் மான்களிடம் மட்டுந்தான் அவர் சீட்டு நீட்டுவதில்லை.)

ஐந்துக்கு இரண்டரைப் புள்ளி தருகிறேன். முதற் கால் மணித்தியாலத்தை இலவசமாக்கி, வந்த நேரத்தை அந்தக் கட்டத்தில் எழுதத் தொடங்கினால் நான்கு தருவதற்குத் தயங்கமாட்டேன். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, இளைஞரின் கையில் பேனை ஏற்கெனவே இருக்கிறது.