எம்மென்டாலா, என்ட்லெபூக்கா? நாங்கள் லாங்னவில் வீடெடுத்த காரணம்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஒரு மூன்றரை அறை வீட்டில் 11 வருடம் இருந்தோம். பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், வாடகையும் ஏறிக்கொண்டே போனது, சரி, நாட்டுப்புறமாகப் போவோம் என்று தேடத் தொடங்கினோம். தேடியது இரண்டு இடங்களில். ஒன்று பேர்ன் மாநிலத்தின் எம்மென்டால், மற்றது அதை ஒட்டிய லுட்சேர்ன் மாநிலத்தின் என்ட்லெபூக். கடைசியில் எம்மென்டால் பக்கம், லாங்னவில் வீடெடுத்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். என்ட்லெபூக்கில் நான் குடியிருந்ததில்லை, வீடு பார்க்க ஐந்தாறு தடவை போய்வந்தவள், அவ்வளவுதான். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

பச்சை மலை, சுத்தமான காற்று, மாட்டு மணிச் சத்தம், நல்ல சீஸ், இதெல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. அளவில்தான் பெரிய வித்தியாசம். எம்மென்டால் நிர்வாக வட்டத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள், வடக்கே புர்க்டோர்ஃப் என்று ஒரு நகரமே இருக்கிறது. என்ட்லெபூக்கில் சுமார் 400 சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 17,000 பேர்தான். லாங்னவில் 9,000 பேருக்கு மேல், என்ட்லெபூக்கின் முக்கிய ஊரான ஷுப்ஃபைமில் 4,000க்குச் சற்று மேல். எம்மென்டால் சீர்திருத்தத் திருச்சபை (புரொட்டஸ்தாந்து) ஊர், என்ட்லெபூக் கத்தோலிக்க ஊர். இது விடுமுறை நாட்களிலும் தெரியும். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், நவம்பர் 1 எல்லாப் புனிதர் நாள், டிசம்பர் 8 அமலோற்பவ மாதா நாள், இதெல்லாம் லுட்சேர்னில் விடுமுறை, பேர்னில் வேலை நாள். எங்கள் தமிழ் ஆட்களில் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அந்தப் பக்கம் மனம் போவது இயல்பு, ஹாஸ்லெ ஊருக்கு மேலே ஹைலிக்குரொய்ட்ஸ் என்ற யாத்திரைத் தலமும் இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பது நாப்ஃப் மலை. உயரம் 1,400 மீட்டருக்குச் சற்று மேல், இந்த நாட்டில் அது பெரிய உயரமே இல்லை. ஆனால் நாங்கள் எடுத்த முடிவை இந்த மலைதான் தீர்மானித்தது என்று சொல்வேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடைசிப் பனியூழியில் பெரிய பனியாறுகள் நாப்ஃப் பகுதியை மூடவில்லை. மற்ற இடங்களில் பனியாறு நிலத்தைத் தேய்த்து அகலமான பள்ளத்தாக்காக்கி விட்டுப்போனது. இங்கே அந்த வேலையை மழைநீர் தனியாகச் செய்தது. கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறையை நீர் அறுத்து அறுத்து, உச்சியிலிருந்து நாலாபுறமும் ஆழமான ஒடுக்கமான பிளவுகளாக இறக்கியிருக்கிறது. இதற்கு ஊர்ச் சொல் கிராபன், அதாவது அகழி. இரண்டு கிராபனுக்கு நடுவில் கத்தி முனை போல் நிற்கும் மேடு எக். பண்ணை வீடுகள் ஊராகக் கூடி நிற்பதில்லை, ஒவ்வொன்றும் அதனதன் எக்கிலோ கிராபனிலோ தனித்தனியே நிற்கின்றன. ஒரு கிராபனிலிருந்து பக்கத்துக் கிராபனுக்குப் போகப் பெரும்பாலும் கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கி மறுபடி ஏறவேண்டும். கண்ணுக்கு எதிரே தெரியும் வீட்டுக்குக் காரில் கால் மணி நேரம்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது, நாப்ஃபின் எம்மென்டால் பக்கத்து ஊரான ட்ரூப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது. பழைய பண்ணை வீட்டின் ஒரு பாதி. எம்மென்டால் வீடுகளின் கூரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கூரை வீட்டையும் தொழுவத்தையும் வைக்கோல் பரணையும் சேர்த்து மூடி, ஏறக்குறைய நிலத்தைத் தொடும் அளவுக்கு இறங்கி வரும். ஐந்து அறை, பேர்னில் கொடுத்த வாடகையைவிடக் குறைவு, பின்னால் தோட்டம். என் கணவர் வெந்தயமும் மிளகாயும் போட இடம்கூடப் பார்த்துவிட்டார். ஆனால் நான் பேர்னில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். பின்நேர ஷிப்ட் என்றால் வெளியே வர இரவு 10.30 ஆகும். அந்த நேரத்தில் ரயிலில் ட்ரூப்ஷாகன் ஸ்டேஷன் வரை வந்துவிடலாம், அதற்கு மேல் கிராபனுக்குள் போக பஸ் இல்லை. கார் ஒன்றுதான், அதில் கணவர் அதிகாலை வேலைக்குப் போகிறார். பிள்ளைகளுக்குப் பந்துப் பயிற்சி, பிறந்தநாள், தமிழ் வகுப்பு என்று எதுவானாலும் ஒருவர் காரோடு காத்திருக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது அது பெரிதாகத் தெரியாது, பதினாறு வயதில் தெரியும். அந்த வீட்டை விட்டுவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கே வீடு பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசி ரயிலை விட்டிறங்கி வீட்டுக்கு நடந்து போகமுடியுமா? இந்தக் கேள்வியில்தான் லாங்னவ் வென்றது. பேர்னின் எஸ்2 ரயில் அரை மணிக்கு ஒன்று, அதற்கு மேல் லுட்சேர்ன் போகும் வண்டியும் லாங்னவில் நிற்கும். பேர்னுக்கு முக்கால் மணி நேரத்துக்குள். எஸ்2 அப்படியே பேர்னைத் தாண்டி ஒய்ரோப்பாபிளாட்ஸிலும் நிற்பதால், 2014இல் அங்கே திறந்த, பல சமயங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் சமயங்களின் இல்லத்தில் உள்ள கோயிலுக்கு வண்டி மாறாமல் போய்வரலாம். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு ரயிலில் உட்கார்ந்தால் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் இறங்குகிறேன்.

ஷுப்ஃபைமும் அதே பேர்ன் - லுட்சேர்ன் பாதையில்தான் இருக்கிறது. ஆனால் பேர்னுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், நேர் வண்டியும் மணிக்கு ஒன்றுதான், மாநில எல்லையைத் தாண்டுவதால் பயணச்சீட்டு வலயமும் மாறுகிறது. லுட்சேர்னில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அவருக்கு ஷுப்ஃபைம்தான் சரி, என் பேச்சைக் கேட்டு லாங்னவ் வரவேண்டாம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். மாநிலம் மாறினால் அந்த மாநிலமும் ஊரும் கேட்கும் வதிவிடக் காலக் கணக்கு புதிதாகத் தொடங்கும். பேர்ன் மாநிலத்துக்குள் மாறினாலும் புதிய ஊரில் 2 வருடம் இருந்திருக்கவேண்டும்.

மனிதர்கள் பற்றி. எம்மென்டால்காரர் மெதுவாகப் பழகுவார்கள் என்று பலரும் சொல்லிப் பயமுறுத்தினார்கள். மெதுவாகத்தான் பழகுகிறார்கள், ஆனால் பழகிய பிறகு விடுவதில்லை. பேர்ன் பேச்சு ஜெர்மனில் மரியாதைக்கு 'ஸீ' இல்லை, முன்னிலைப் பன்மையையே மரியாதைக்கும் வைக்கிறார்கள், எங்கள் 'நீங்கள்' போலவே. இது எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. காணி விஷயம் மட்டும் எங்களுக்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்தில் சீதனம் கொடுத்துக் கொடுத்துக் காணி பரப்புக் கணக்கில் துண்டாகும். இங்கே பண்ணையைப் பிரிக்கவே மாட்டார்கள், பழைய வழக்கப்படி முழுவதும் கடைசி மகனுக்கு. வயதான தாய்தகப்பன் பண்ணையை ஒப்படைத்துவிட்டு முற்றத்திலேயே ஷ்டொக்லி என்ற சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். அந்தப் பெரிய கூரைகள் இன்றுவரை முழுதாக நிற்பதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். இந்த ஊரின் பழைய துயரமும் சின்னதல்ல. வளர்ந்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நம்பிய மக்களை அரசு துரத்தித் துரத்திப் பிடித்து ட்ராக்ஸல்வால்ட் கோட்டையில் அடைத்து வைத்தது, பலர் நாட்டைவிட்டே போனார்கள். அவர்கள் வழிவந்த சபை லாங்னவில் இன்றும் இருக்கிறது. கோட்டையின் அந்தச் சிறிய சிறை அறையில் நின்றபோது நான் நெடுநேரம் பேசவில்லை.

என்ட்லெபூக் மக்களிடம் நான் கண்டது வேறொரு பலம். 1987இல் சதுப்பு நிலங்களைக் காக்கவேண்டும் என்று நாடே வாக்களித்தபோது, அதிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்த இடங்களில் ஒன்று இவர்களுடையது, ஏனென்றால் நிலத்தில் கணிசமான பகுதி சதுப்பும் சதுப்பு நிலக்காட்சியும். வடிகால் வெட்டமுடியாது, விரும்பிய இடத்தில் கட்டமுடியாது. கோபம் இருந்தது. ஆனால் அதையே நற்பெயராக மாற்றினார்கள். ஊர் ஊராக வாக்கெடுத்து, 2001இல் என்ட்லெபூக் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இன்று பால், இறைச்சி, மூலிகைத் தேநீர் எல்லாம் அந்த ஊர் முத்திரையோடு விற்கிறது. அங்கே ரோமோஸ் என்ற ஊரில் இன்னும் மரக்கரி சுடுகிறார்கள். ஷ்ராட்டன்ஃப்ளூ மலையின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை மாலை வெயிலில் பார்த்தால், அழகில் அந்தப் பக்கம்தான் ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்வேன். ஷுப்ஃபைமில் கிம்னாஸியம், அதாவது பல்கலைக்கழகம் போகப் படிக்கும் மாநில மேல்நிலைப் பள்ளி, இருப்பதும் அவர்களுக்குப் பெரிய வசதி. எங்கள் மகள் கிம்னாஸியம் போனால் லாங்னவிலிருந்து புர்க்டோர்ஃப் வரை போய்வரவேண்டும். என்ட்லெபூக்கில் பனிக்காலம் எப்படிப் போகும், பக்கத்து வீட்டார் எப்படி என்பதையெல்லாம் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், நான் பார்த்தது சனிக்கிழமைப் பகல்களை மட்டும்.

இந்த இரண்டு ஊரும் ஒரு காலத்தில் ஒன்றாகவும் நின்றிருக்கின்றன. 1653இல் ஆட்சியாளர் நாணய மதிப்பைக் குறைத்ததை எதிர்த்து முதலில் எழுந்தது என்ட்லெபூக் விவசாயிகள். சமயம் வேறு என்று பாராமல் எம்மென்டால்காரரும் சேர்ந்தார்கள். தலைவரான நிக்லவுஸ் லொய்யன்பெர்கர் லாங்னவுக்குப் பக்கத்தில் ரூடர்ஸ்வில் ஊரவர், பேர்னில் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். வீடு மாறி வந்த புதிதில் ஊர்க் கிழவர் ஒருவர் இதைச் சொன்னபோது நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

இப்போது நாங்கள் இருப்பது ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. நாலரை அறை, தோட்டம் இல்லை, பல்கனியில் நாலு தொட்டி கறிவேப்பிலையும் மிளகாயும். ட்ரூப் வீட்டில் கேட்ட ஓடைச் சத்தம் இங்கே இல்லை. இரவில் ஷிப்ட் முடிந்து நான் இறங்கும்போது மகன் சமையலறை விளக்கை எரியவிட்டிருப்பான், பிளாட்பாரத்திலிருந்து திருப்பம் திரும்பினால் அது தெரியும்.