இணைதிறன் அட்டைகள்: நெடுநாள் உபயோகத்தில் தெரிந்தவை

பாளையங்கோட்டைப் பக்கம் மாலை வகுப்புகளில் வேதிச் சேர்மங்களின் வாய்பாடு எழுதப் பழக்க இந்த அட்டைகளைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். அட்டைக்கு ஓர் அயனி, அதாவது மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம். அதன் இணைதிறன் (மின்சுமையின் எண்) 1 என்றால் அட்டையின் நீளம் 3 செ.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 9. நேர் அயனிகளை மேல் வரிசையிலும் எதிர் அயனிகளைக் கீழ் வரிசையிலும் அடுக்க வேண்டும். இரு வரிசையும் சம நீளத்துக்கு வந்ததும் அட்டைகளை எண்ணினால் வாய்பாடு. அலுமினியம் சல்பேட்டுக்கு மேலே இரண்டு, கீழே மூன்று. இரண்டுமே 18 செ.மீ. ஏ4 தாளின் அகலத்துக்குள் அடங்கிவிடும். இணைதிறன் 1 உள்ளவற்றில் நான்கு, 2-ல் மூன்று, 3-ல் இரண்டு வெட்டினால் போதும்.

அட்டையில்லாமல் இணைதிறன் எண்களைக் குறுக்கே மாற்றி எழுதினால் கால்சியம் ஆக்சைடு 'கால்சியம் 2, ஆக்சிஜன் 2' என்று நின்றுவிடும். பாதிப் பிள்ளைகள் சுருக்க மறப்பார்கள். அட்டையில் 6-க்கு 6 உடனே பொருந்துவதால் அந்த வேலையே கிடையாது. சுருக்கவே கூடாத சோடியம் பெராக்சைடும் சரியாக வரும், இரண்டு ஆக்சிஜனையும் ஒரே 6 செ.மீ. அட்டையில் எழுதியிருந்தால். இரும்புக்கு இணைதிறன் 2, 3 என இரண்டு உண்டு, ஒரே அட்டை போடாதீர்கள். ஃபெரஸ் 6, ஃபெரிக் 9 எனத் தனித்தனியாக வேண்டும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் 3 மி.மீ. விளிம்பு விட்டால் மூன்று குளோரைடு அட்டைகள் 10.8 செ.மீ. ஆகும், அலுமினியம் 9.6-லேயே நிற்கும். பிள்ளைகள் இரண்டு குளோரைடோடு நிறுத்திவிடுவார்கள். ஃபைல் அட்டையில் செல்லோடேப் ஒட்டி, ஓரத்தோடு நறுக்கிவிடுங்கள்.

அடைப்புக்குறி பழக்கத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லே போதும். கல் கால்சியம் கார்பனேட், சுட்டால் கால்சியம் ஆக்சைடு, நீர் விட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு. முதல் இரண்டுக்கும் அடைப்பு தேவையில்லை, மூன்றாவதுக்கு உண்டு. அடைப்பில்லாமல் 2 போட்டால் அது ஹைட்ரஜனை மட்டுமே இரட்டிப்பாக்கும். ஹைட்ராக்சைடு போலப் பல அணு சேர்ந்த அயனிகளின் அட்டைகளில் அடைப்பைப் பென்சிலால் வரைந்து வைக்கிறோம். ஒரே அட்டை வந்தால் எழுதும்போது அதை விட்டுவிட வேண்டும்.

அட்டை கைவிடும் இடம் பெயர்தான். சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு மூன்றுமே 6 செ.மீ.; எதை மாற்றி வைத்தாலும் நீளம் பொருந்திவிடும். குளோரைடும் குளோரேட்டும் அப்படியே. உரக்கடைப் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. கோவில்பட்டித் தீக்குச்சி மருந்தில் சேர்வது பொட்டாசியம் குளோரேட்டு. இரண்டையும் குழப்பினால் மதிப்பெண்ணோடு போகிற விஷயமா அது? ஆக்சிஜன் உள்ள அயனிகளுக்குச் சிவப்பு விளிம்பு போட்டதில் 'ஐடு' குழப்பம் நன்றாகவே குறைந்தது. 'ஐட்டு', 'ஏட்டு' குழப்பம் அதில் தீராது. ஏட்டை விட ஐட்டில் ஓர் ஆக்சிஜன் குறைவு, மின்சுமை மாறாது என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். சல்பேட்டில் 4, நைட்ரேட்டில் 3 என்பதை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும்.

அலோகங்கள் மட்டும் சேரும் சேர்மங்களுக்கு அட்டையை எடுக்கவே கூடாது. நைட்ரஜன் 9, ஆக்சிஜன் 6 என்று அடுக்கினால் டைநைட்ரஜன் டிரைஆக்சைடு ஒன்றுதான் கிடைக்கும். நைட்ரஜன் டைஆக்சைடு வராது. அங்கே மோனோ (1), டை (2), டிரை (3), டெட்ரா (4) பார்த்துப் பெயரிலிருந்தே எழுத வேண்டும். முதலில் வரும் தனிமத்துக்கு 'மோனோ' போடுவதில்லை.