பாஸ்டனா, பிலடெல்பியாவா: முட்டி வலி உள்ள அம்மாவோடு இரண்டு நாள்

ஊரிலிருந்து அமெரிக்கா வந்திருந்த அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஆனால் வரலாறு என்றால் உயிர். "இவங்க சுதந்திரம் வாங்கின இடத்தைக் காட்டுடா" என்றார். கையில் இரண்டு நாள் லீவு. பாஸ்டனா, பிலடெல்பியாவா என்று ஒரு வாரம் யோசித்து, மே மாதம் பிலடெல்பியாவுக்கே கூட்டிப்போனேன். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

நியூயார்க்கிலிருந்து ரயிலில் பிலடெல்பியா ஒன்றரை மணி நேரம், பாஸ்டன் நாலு மணி நேரம். இரண்டு ஊருக்கும் கார் வேண்டாம். சரி, அதை விடுங்கள். முடிவு செய்தது நடைதான்.

பாஸ்டனில் ஃப்ரீடம் டிரெயில் என்று 4 கிலோமீட்டர் பாதை. பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து பங்கர் ஹில் என்ற பழைய போர்க்களம் வரை 16 வரலாற்று இடங்கள். தரையில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், மேப்பே வேண்டாம். முன்பு ஒரு அக்டோபரில் தனியாகப் போய் ரசித்து நடந்தேன். ஆனால் செங்கல் நடைபாதை பல இடங்களில் மேடும் பள்ளமும். காப்ஸ் ஹில் ஏற்றம், பிறகு சார்ல்ஸ்டவுனுக்குப் பாலம், கடைசியில் பங்கர் ஹில் கோபுரத்துக்கு 294 படி, லிஃப்ட் கிடையாது. சுற்றுலா டிராலி பஸ்ஸில் நான் ஏறியதில்லை, அது கைகொடுக்கலாம். கடலும், 1797-இல் மிதக்கவிட்ட கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பலும் பார்க்க வேண்டும், காலில் தெம்பும் இருக்கிறது என்றால் பாஸ்டனே போங்கள்.

பிலடெல்பியாவின் பழைய பகுதி சமதரை. வில்லியம் பென் 1682-இல் கட்டம் போட்டு அமைத்த தெருக்கள். சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு நேர் எதிரே, செஸ்ட்நட் தெருவைத் தாண்டினால் லிபர்ட்டி பெல் என்ற விரிசல் விட்ட பழைய மணி. இடையிடையே உட்காரப் பெஞ்சுகள். அம்மா பத்து நிமிடம் நடப்பார், ஐந்து நிமிடம் உட்காருவார். ஒன்றையும் விட்டுவிடவில்லை.

மணியைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். கிட்டே போய்ப் பாருங்கள். நாம் விரிசல் என்று நினைக்கும் அகலமான பிளவு, 1846-இல் சரிசெய்வதற்காக வேண்டுமென்றே அகலப்படுத்தியது. மணியை ஊமையாக்கிய விரிசல் அந்தப் பிளவின் மேல்முனையிலிருந்து வலப்பக்கமாக ஏறும் மெல்லிய கோடு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார்.

ஹாலுக்குள் போகத்தான் திட்டமிட வேண்டும். பெரும்பாலான மாதங்களில் நேரம் குறித்த டிக்கெட் உண்டு. ஆன்லைனில் எடுத்தால் ஆளுக்கு ஒரு டாலர். காலை முதல் நேரங்களிலேயே எடுத்துவிடுங்கள். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சட்டம், இரண்டிலும் கையெழுத்தான ஒரே அறை அது. வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. அது உதயமா அஸ்தமனமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், சட்டம் கையெழுத்தான அன்று உதயம்தான் என்றாராம். ஃபிராங்க்ளின் சமாதி ஆர்ச் தெருவில். நடைபாதையிலிருந்தே கம்பி வழியாகத் தெரியும்.

சாப்பாட்டுக்கு ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 1893 முதல் நடக்கிறது. மதியம் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், பதினோரு மணிக்கே போங்கள்.

பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் எல்ஃப்ரத்ஸ் ஆலி மட்டும் உருளைக்கல் பாவிய சந்து. அம்மா முனையிலேயே நின்றுகொண்டார், நான் உள்ளே போய்ப் படம் எடுத்து வந்து காட்டினேன்.